பாதியில் நின்ற அலறல்

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கியதும், உள்ளே அலறிக்கொண்டிருந்தவரின் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

சட்டென்று நிற்கவில்லை. "போதும் சார், கையக் கழட்டி விடு..." என்று உச்சத்தில் இருந்த குரல், அடித்தொண்டைக்கு இறங்கி, கனத்து, இழுபட்டு, அப்புறம் ஒன்றுமே இல்லை.

நான் கம்பெனியின் பயிற்சிக் கூடத்துக்கு வெளியே, நடைவழியில், மெயின் போர்டுக்கு முன்னால் நின்றிருந்தேன். கையில் வெள்ளைப் பீங்கான் கட்டை. சூடு ஆறவில்லை. தலைக்கு மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது.

முதலில் தோன்றியது இதுதான்: ஆள் போய்விட்டார். பிடுங்குவதற்கு நான் தாமதம் செய்துவிட்டேன்.

அடுத்து போலீஸ் வந்தது. அப்புறம் கிருஷ்ணகிரி கோர்ட்டு. அப்புறம் என் மனைவி சரோஜா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுவது. எல்லாம் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. ஃபேன் சுற்றி நிற்பதற்குள் இத்தனையையும் நினைக்க என்னால் முடியும். நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்றே இருந்தேன். பழைய யூனியன்காரர் ஒருவர் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு, வழியில் மடக்கி, "அதிகாரத்தை எதிர்த்து நின்னீங்களே தோழர், அதை எப்ப எழுதப் போறீங்க?" என்று கேட்டார். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கேட் மீட்டிங்கில் மைக் பிடித்து என்னை வீரனாக்கியதே அவர்தான். நான் எதையும் எதிர்க்கவில்லை. பயந்தேன். அதை இன்றைக்கு வரைக்கும் ஒருவரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

யானை வரும் என்று நினைத்தவன்

நாட்றாம்பாளையம் பக்கத்துக் காட்டோரம் எங்கள் ஊர். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. நின்றதற்குக் காரணம் யானை. அது என்னை ஒன்றும் செய்யவில்லை. நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பள்ளிக்கூடம் போகிற வழியில் வரும் என்று நானே தினமும் நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் போவதை நிறுத்திவிட்டேன். யானை கடைசி வரை வரவில்லை.

எண்பதுகளில் ஓசூர் தொழிற்பேட்டைக்கு வந்து, தகடு அடித்து மோட்டார் வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எலெக்ட்ரிகல் ஹெல்பராகச் சேர்ந்தேன். டெம்பரவரி. அந்தக் காலத்தில் டெம்பரவரி என்றால் என்னவென்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. சில மாதம் வேலை, அப்புறம் "பிரேக்". பிரேக் என்றால் வீட்டுக்குப் போ, கூப்பிட்டால் வா. தொடர்ந்து வைத்திருந்தால் பர்மனென்ட் கேட்டுவிடுவோம் என்று அப்படி ஓர் ஏற்பாடு.

பிரேக்கில் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் அதை மறந்து சினிமாவுக்குப் போவார்கள். நான் வேலையில் சேர்ந்த முதல் நாளே பிரேக்கைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

கட்டை யார் பையில்?

எங்கள் எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது லைனில் வேலை செய்ய ஏணி ஏறினால், முதலில் அந்த லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி ஹெல்பர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் மேலே ஏறியவர் இறங்கி வந்து, எதிரில் நின்று, தன் வாயால் "போடு" என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் கட்டை திரும்பப் போகும். சூபர்வைசர் சொன்னாலும் செல்லாது. மேனேஜர் சொன்னாலும் செல்லாது.

நான் சேர்வதற்கு முன்னால், லைன் நிற்கிறதே என்று ஒரு சூபர்வைசர் கத்தினாராம், ஹெல்பர் போட்டுவிட்டானாம். நாகப்பா என்ற எலெக்ட்ரீஷியன் மேலே இருந்திருக்கிறார். உயிர் தப்பியது. வலது கை விரல்கள் மடங்கியே போயின. அந்தக் கையோடுதான் எங்களோடு வேலை செய்தார். டீ டம்ளரை இடது கையால் பிடிப்பார். "நானு இறங்கி வந்து சொல்லாம போட்டே, உன்ன சும்மா பிடமாட்டேன்" என்று கன்னடம் கலந்த தமிழில் தினமும் ஒரு தரம் சொல்வார்.

எனக்கு அந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். கட்டை பையில் கனமாக இருக்கும்போதுதான் நான் வேலை நேரத்தில் கொஞ்சம் நிம்மதியாக இருப்பேன்.

வெள்ளைக் கோட்டு

ஒரு திங்கட்கிழமை, பெங்களூரிலிருந்து ஒரு புரொபசர் வந்தார். இளம் வயது, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் டை. ஈ.எஸ்.ஐ. டாக்டரா என்று கேட்டோம். இல்லை, மனோதத்துவமாம். டெம்பரவரி ஆட்கள் மட்டும் ஒவ்வொருவராகப் பயிற்சிக் கூடத்துக்குப் போக வேண்டும், ஞாபக சக்தியைப் பற்றி ஒரு சோதனை என்று அறிவிப்பு ஒட்டினார்கள்.

டெம்பரவரி ஆட்கள் மட்டும். இது போதாதா? மத்தியானச் சாப்பாட்டுக்குள் கம்பெனி முழுக்க முடிவு கட்டிவிட்டது: இது பர்மனென்ட் பண்ணுவதற்கான டெஸ்ட்.

யார் சொன்னது என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. "பின்ன எதுக்குடா நம்மளக் கூப்பிடறாங்க, மாப்ள பாக்கவா?" என்று கேட்டான் ஒருவன். ஒருத்தன் மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான்.

முதல் நாளே உள்ளே போனவன் ரஷீத். கிருஷ்ணகிரிக்காரன். பவர் பிரஸ்ஸில் ஆபரேட்டர். எனக்கு அங்கே சிநேகிதன் என்று இருந்தது அவன் ஒருவன்தான். என்னை மாதிரி அல்ல, எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டான். நான் எதையாவது நினைத்துப் புலம்பினால், "ஆரம்பிச்சிட்டியா, இந்தா பீடி" என்பான்.

அவன் டெஸ்ட் முடிந்து வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னா கேட்டாங்க பாய்?"

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"கஷ்டமா?"

"சொல்றதச் செய். அவ்ளோதான்." முகத்தைப் பார்க்காமல் போய்விட்டான்.

அன்றிலிருந்து கேன்டீனில் ஒரு விசித்திரம். உள்ளே போய் வந்த யாரும் பேசவில்லை. எங்கள் ஆட்கள் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூட மூன்று மொழியில் திட்டுவார்கள். அவர்கள் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார்கள். ரஷீத் சாப்பிடவும் இல்லை. தட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவான்.

பஸ்ஸில் ஒரு கேள்வி

வியாழக்கிழமை காலையில் கம்பெனி பஸ்ஸில் ரஷீத் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. திடீரென்று கேட்டான்.

"மாதேசா, நீ கரண்டு வேல செய்யறவன். ஒருத்தனுக்கு ஷாக் அடிக்குதுன்னு வெச்சுக்கோ. கத்தறான் கத்தறான், அப்பறம் சத்தமே காணோம். அப்பிடின்னா என்னா அர்த்தம்?"

என்னிடம் கேட்கலாமா இந்தக் கேள்வியை? உலகத்தில் வேறு ஆளே இல்லையா?

"நெஞ்சுல ஏறிடுச்சின்னா அவ்ளோதான் பாய்," என்றேன். அதோடு விட்டேனா? எங்கெங்கே யார் யார் அப்படிப் போனார்கள் என்று தெரிந்தது, கேள்விப்பட்டது எல்லாவற்றையும் சிப்காட் தொழிற்பேட்டை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இறங்கும்போது, "மூணு நாளா தூக்கம் இல்லடா," என்றான்.

அதைக் கேட்டதும் என் கவலை வேறு பக்கம் போனது. பவர் பிரஸ்ஸில் நிற்கிறவன் தூங்காமல் வரக் கூடாது. காலால் பெடலை மிதித்தால் மேலே இருக்கிற டை என்கிற வெட்டு அச்சு கீழே வந்து தகட்டை வெட்டும். அது தகடு எது, விரல் எது என்று பார்க்காது. எங்கள் பிரஸ் ஷாப்பில் பத்து விரலோடு இருக்கிற பழைய ஆபரேட்டர்கள் குறைவு.

"இன்னிக்கு லீவு போடு பாய்."

"டெஸ்ட் நடக்கறப்ப லீவு போட்டா பர்மனென்ட் வருமா? வாய மூடிட்டுப் போ."

பித்தான் வரிசை

அன்றைக்கு என் முறை.

கூடத்தில் என்னோடு இன்னொருவர் இருந்தார். குமார் என்று பேர். வேறொரு யூனிட்டின் டெம்பரவரி என்றார்கள். ஒல்லியாக, சிரித்த முகம். சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு "ஆசிரியர்" என்று வந்தது. அவர் தன் சீட்டைப் பார்த்துவிட்டு, "எனக்கு மாணவன்ங்க," என்றார். எட்டாவதோடு நின்றவன் ஆசிரியர்! அப்போதே ஏதோ சரியில்லை என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

குமாரைப் பலகைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் நாற்காலியில் உட்கார வைத்து, மணிக்கட்டில் வார் கட்டினார்கள். என்னை இந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். பெட்டியில் நீளமாகப் பித்தான் வரிசை. நான் ஜோடி ஜோடியாக வார்த்தைகளைப் படிக்க வேண்டும். குமார் ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் நான் ஒரு பித்தானை அழுத்த வேண்டும். அவருக்கு ஷாக் அடிக்கும். ஒவ்வொரு தப்புக்கும் அடுத்த பித்தான், கூடுதல் வோல்ட்.

பித்தான்களுக்கு அடியில் வோல்ட் எழுதியிருந்தது. வலது கோடியில் இருந்த எண்ணைப் பார்த்தேன். நானூற்று நாற்பதைத் தாண்டி இருந்தது.

நானூற்று நாற்பது வோல்ட் அபாயம் என்று மண்டையோடு போட்ட சிவப்புத் தகடு எங்கள் கம்பெனியில் எல்லாப் பேனல் மேலேயும் இருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் டீ குடிக்கப் போக முடியாது. எனக்கு முன்னால் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தகட்டைத் தினமும் பார்த்தவர்கள்தான்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். புரொபசர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். குமார் முதல் இரண்டைச் சரியாகச் சொன்னார், அப்புறம் தப்பு. சின்னப் பித்தான்களை அழுத்தினேன். நாலைந்து போன பிறகு தடுப்புக்குப் பின்னாலிருந்து "ஆ!" என்று சத்தம் வந்தது.

"எர்த் குடுத்திருக்கா சார்?" என்றேன்.

"தொடருங்கள்," என்றார். அவர் மற்ற நேரம் கன்னடம் கலந்து பேசுகிறவர். இதை மட்டும் ஏட்டிலிருந்து படிக்கிற மாதிரி சொன்னார்.

"கை வேர்த்திருந்தா கம்மி வோல்ட்டே ஆவாது சார். ஒரு வாட்டி உள்ள போயிப் பாத்துட்டு வரட்டா?"

"நீங்கள் தொடர வேண்டியது அவசியம்."

இன்னொரு பித்தான். "ஐயோ, போதும் சார்! கையக் கழட்டி விடுங்க! எனக்கு நெஞ்சு வலி இருக்குது சார்!"

"சார், நெஞ்சு வலிங்கறாரு!"

"தொடருங்கள்."

"எதுனா ஆச்சுன்னா யாரு சார் பொறுப்பு?"

"முழுப் பொறுப்பும் என்னுடையது."

இதைக் கேட்டதும் மற்றவர்களுக்கு நிம்மதி வந்ததாம், பின்னால் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் நிஜமான பயம் பிடித்தது. பொறுப்பு என்னுடையது என்று சொன்ன எவரையும் எங்கள் கம்பெனியில் மறுநாள் பார்க்க முடியாது.

உள்ளே கத்தல் நிற்கவில்லை. காலையில் பஸ்ஸில் ரஷீத் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. கத்தறான் கத்தறான், அப்பறம் சத்தமே காணோம்.

ஓகோ. ரஷீத் கடைசி வரைக்கும் போயிருக்கிறான்.

"சார், வயிறு சரியில்ல. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்றேன்.

"இப்போது எழக் கூடாது!"

"அவசரம் சார்," என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். நேராக மெயின் போர்டு. அந்தக் கட்டட லைனின் கட்டையைப் பிடுங்கினேன்.

பிஸ்கட்டும் வாரப் பத்திரிகையும்

குரல் நின்றது. ஃபேன் நின்றது. பக்கத்துக் கேன்டீனில் மாவு ஆட்டுகிற கிரைண்டர் நின்றது. சமையல்காரர், "எவுட்ரா ஃபியூஸு பீகிந்தி?" என்று, பிடுங்கியவன் எவன் எனத் தெலுங்கில் கத்திக்கொண்டு கரண்டியோடு வெளியே வந்தார்.

நான் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குமார் இருந்த சின்ன அறையின் நடைவழிப் பக்கத்துக் கதவைத் திறந்தேன்.

குமார் ஜன்னலோரம் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வாரப் பத்திரிகை. கையில் டீயில் நனைத்த பிஸ்கட். நனைந்த பாதி என்னைப் பார்த்ததும் டம்ளருக்குள் விழுந்தது.

மேசை மேல் டேப் ரெக்கார்டர்.

"கரண்டு போயிடுச்சுங்களா?" என்றார்.

டேப்பைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். உயிரோடு இருக்கிற ஒருவரைப் பார்த்து இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

"கத்தினது?"

"நான்தாங்க. போன மாசமே பதிவு பண்ணிட்டாங்க. பெங்களூர்ல நாடகம் போடறவன்ங்க நானு. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கணுமாம்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். சீட்டையும் கேட்டேன். இரண்டு சீட்டிலும் "ஆசிரியர்" என்றுதான் எழுதியிருந்ததாம்.

பின்னாலேயே புரொபசர் வந்துவிட்டார். "ஏனு மாடிதிரி நீவு? என்ன பண்ணிட்டீங்க? எல்லாம் போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இவருக்கு ஒண்ணும் ஆவலன்னு ரஷீதுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் தெரியக் கூடாது. எல்லோரும் முடிச்ச அப்பறம், சனிக்கிழமை ஒண்ணா கூட்டி வெச்சுச் சொல்றோம்."

"இன்னிக்கு வியாழக்கிழமை சார்."

"ஆமா. அதுக்கு?"

அதுக்கா? எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. திங்கட்கிழமையிலிருந்து ஒருவன் ஆளைக் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு பவர் பிரஸ்ஸுக்கு அடியில் கையை விட்டு விட்டு எடுக்கிறான். நானும் காலையில் என் பங்குக்கு, நெஞ்சில் ஏறினால் அவ்வளவுதான் என்று பாடம் எடுத்திருக்கிறேன்.

நீங்க மேல ஏறல சார்

அதற்குள் நடைவழியில் கூட்டம். அடுத்த முறைக்குக் காத்திருந்த டெம்பரவரி ஆட்கள், கரண்டியோடு சமையல்காரர். ஃபேன் நின்றுபோன தன் அறையிலிருந்து பர்சனல் ஆபீசரும் வந்துவிட்டார். புரொபசர் சின்ன அறையின் கதவை அவசரமாகச் சாத்திக்கொண்டார். குமார் உள்ளேயே இருந்தார்.

பர்சனல் ஆபீசர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். மெமோ கொடுக்கும்போதுகூட மரியாதையாகத்தான் கொடுப்பார்.

"ஏனுங் மாதேசு, கட்டையப் போடுங்க. வெளையாட்டுங்களா இது?"

"ஆளு வெளிய வந்து சொல்லணும் சார்."

"எந்த ஆளுங்?"

"உள்ள இருக்கற ஆளு. அவரு வந்து போடுன்னு சொல்லட்டும்."

"நாஞ் சொல்றேனுங், போதாதுங்களா?"

"நீங்க மேல ஏறல சார்."

இது என் வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொன்னதல்ல. எங்கள் செக்‌ஷனில் தினமும் சொல்கிற பேச்சு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பர்சனல் ஆபீசரின் முகம் கறுத்தது.

என்னைத் தனியே ஓரமாகக் கூட்டிப் போனார். "தம்பி, சனிக்கிழமை வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுங். கட்டையப் போட்டுட்டுப் போயி வேலையப் பாருங்க. இது கம்பெனி ஆர்டருங். உங்களுக்குப் பர்மனென்ட் வேணுங்களா, வேண்டாங்களா?"

வேணும். எவ்வளவு வேணும் என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லியிருந்தார். பாப்பாவுக்கு இருமல் விடவில்லை. பர்மனென்ட் ஆனால்தான் முழு ஈ.எஸ்.ஐ. வைத்தியம். சரோஜா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டிருந்தாள்.

என் கை பைக்குள் போய்க் கட்டையைப் பிடித்தது. போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

அந்த நேரம் பார்த்து, பிரஸ் ஷாப்பிலிருந்து "டம்" என்று ஒரு சத்தம். அது நாள் முழுக்கக் கேட்கிற சத்தம்தான். தகடு வெட்டுகிற சத்தம். எனக்கு மட்டும் அது அன்றைக்கு வேறு மாதிரி கேட்டது. ஒவ்வொரு "டம்"முக்கும் ரஷீதின் கை ஒன்று போனது.

இரண்டு பயத்தில் எது பெரிசோ அந்தப் பக்கம் சாய்ந்தேன். இவ்வளவுதான் என் வீரம். தோழர் இதைப் படிக்கட்டும்.

புரொபசரைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்து குமாரின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாய்யா எங்கூட."

"எங்கீங்க? என் சம்பளம் போயிடுங்க!" என்று கத்தினார் அவர். நிஜத்தில் அவர் கத்தியது டேப்பில் கத்திய அளவுக்கு நன்றாக இல்லை.

பிரஸ் ஷாப்பில்

இழுத்துக்கொண்டு ஓடினேனே தவிர, பிரஸ் ஷாப் வாசலில் போய் நின்றதும் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. ஓடுகிற பிரஸ்ஸில் இருப்பவனைத் திடீரென்று கூப்பிடக் கூடாது. செத்துப்போனதாக நினைத்த ஆளை எதிரில் பார்த்தால் கை எங்கே போகும், கால் எங்கே போகும்? குமாரை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளி, "அசையாதய்யா," என்றேன்.

"இதுக்கு நான் உள்ளயே இருந்திருப்பனே," என்று முனகினார்.

ரஷீத் தகடு வைத்தான், கையை எடுத்தான், மிதித்தான். வைத்தான், எடுத்தான், மிதித்தான். ஒரு தரம் கை எடுக்கத் தாமதமானது போல இருந்தது. சுற்றிப் போய்ச் சுவரோரம் இருந்த அந்த மிஷினின் சுவிட்சை அணைத்தேன். ஃபிளைவீல் சக்கரம் சுற்றி நிற்கிற வரைக்கும் காத்திருந்தேன்.

"எவன்டா ஆஃப் பண்ணது?" என்று திரும்பினான்.

குமார் தூணை விட்டு வெளியே வந்தார்.

ரஷீத் எழுந்து நின்றான். அப்புறம் கிட்டே போய், குமாரின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தீய்ந்த அடையாளம் எதுவும் இல்லை.

"பேசு," என்றான்.

"என்னா பாய் பேசறது? எனக்கு ஒண்ணும் ஆவலீங்க. அது டேப்புங்க. நடிப்புங்க."

ரஷீத் ஓங்கி ஓர் அறை விட்டான். சுற்றி இருந்த மிஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன. குமார் கன்னத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முன்னால் ரஷீதே அந்தக் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"வலிச்சுதா? ஐயோ, வலிச்சுதா? சொல்லுப்பா, வலிச்சுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இரண்டு பக்கத்திலும் இல்லை

குமாரே நடைவழிக்கு வந்து "போடுங்க" என்று சொன்ன பிறகு கட்டையைப் போட்டேன். கிரைண்டர் ஓடியது. சோதனை ஓடவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

போவதற்கு முன்னால் புரொபசர் என்னைக் கூப்பிட்டார். கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. வெளிநாட்டில் முன்பே ஒருவர் இப்படிச் செய்து பார்த்திருக்கிறாராம். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் சாதாரண ஜனங்கள் எதுவரை போவார்கள் என்று தெரிந்துகொள்ள.

"நாங்க இத பர்மனென்ட் டெஸ்ட்டுன்னு நெனச்சோம் சார். அதான் எல்லாரும் அழுத்தினாங்க," என்றேன்.

"ஹௌதா, அப்படியா! அது ரொம்ப சுவாரசியமா இருக்கே!" என்று உற்சாகமாகிவிட்டார்.

சுவாரசியமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னை எதுல சேத்தீங்க சார்?"

"கடைசி வரை போனவங்க ஒரு பக்கம். மாட்டேன்னு சொல்லி எழுந்தவங்க ஒரு பக்கம். நீங்க பாத்ரூம் போறேன்னுதானே சொன்னீங்க? உங்களை எதுலயும் சேர்க்க முடியாது."

கம்பெனியும் அதையே செய்தது. அந்த மாதக் கடைசியில் சிலரைப் பர்மனென்ட் பண்ணினார்கள். அந்தச் சோதனைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பர்சனல் ஆபீசர் சொன்னார். இருக்கலாம். எனக்குப் பிரேக் வந்தது. அப்புறம் கூப்பிடவே இல்லை. இன்னொரு கம்பெனியில் சேரும் வரைக்கும் குருபரப்பள்ளி ரோட்டோரம் ஒரு மோட்டார் ரிவைண்டிங் கடையில் இருந்தேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் வேறு எரிச்சல்கள் வரும்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப அந்த ஆளு சாவல."

"இல்ல."

"டீ குடிச்சிட்டு இருந்தான்."

"ஆமா."

"டீ குடிச்சிட்டு இருந்தவனக் காப்பாத்தப் போயி பர்மனென்ட்டத் தொலைச்சிட்டு வந்திருக்கீங்க." தலையில் அடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். ரஷீதின் கையைக் காட்டலாம் என்றால், அதுதான் முழுசாக இருக்கிறதே.

அப்போது ரஷீத் வந்தான். வாசலிலேயே உட்கார்ந்தான். சரோஜா கோபத்தோடேயே தட்டில் களி வைத்துக் கொடுத்தாள். சாப்பிட்டான். கை கழுவிவிட்டு வந்து மறுபடி வாசலில் உட்கார்ந்தான்.

"அவன் நல்லாத்தான் இருக்கான்," என்றான்.

"அதான் பாத்தியே. அப்பறம் என்னா? வுடு பாய். அதெல்லாம் டேப்பு. நிஜமா இருந்திருந்தா நீ நிறுத்தியிருப்ப."

என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நிஜம்னு நெனச்சுத்தானடா அழுத்தினேன்."

ஆயிரம் விஷயத்துக்குக் கவலைப்பட்டுப் பழகியவன் நான். இந்த ஒன்றைப் பற்றி எங்கிருந்து கவலைப்பட ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. பாப்பா உள்ளே இருமினாள். அவன் எழுந்து போனான்.

ரஷீதுக்கு அந்த மாதமே பர்மனென்ட் ஆர்டர் வந்தது. ஆர்டர் வாங்கியவன் அன்றைக்கு ஷிப்ட் முழுக்க மைசூர்பாகு கொடுக்க வேண்டும், அது அங்கே வழக்கம். கடன் வாங்கியாவது கொடுப்பார்கள். ரஷீத் கொடுக்கவில்லை. நான் நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். "எதுக்குடா மாதேசா இனிப்பு?" என்று கேட்டான். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

கஞ்ச பாய் என்று பேர் வைத்தார்கள். ரிட்டையர் ஆகிற வரைக்கும் அதே பேர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். ஒரு நாளும் மறுத்துச் சொன்னதில்லை.